மாஸ்கலின் கேட்ட கேள்வி

பொறாமை பிடித்த வானியலாளர் ஒருவர் எளிய தச்சர் ஒருவரின் பரிசைத் தட்டிப் பறித்தார் என்ற கதை முப்பது ஆண்டுகளாக உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. தச்சர் ஜான் ஹாரிசன். வானியலாளர் நெவில் மாஸ்கலின். 1995-இல் டாவா சோபல் எழுதிய ‘லாங்கிடியூட்’ நூல் இக்கதையைக் ஏராளமானோரிடம் கொண்டுபோனது. 2000-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் அதைக் காட்சியாக்கியது. மேதையை அதிகாரம் மதிக்காது என்பதற்கு முதல் எடுத்துக்காட்டாக இன்று இதைத்தான் சொல்கிறார்கள். இந்தக் கதை தவறு. அதைக் கேட்டு வளரும் பிள்ளைகள் அறிவியல் எப்படி நடக்கிறது என்பதையே தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

எதிர்த்தரப்பை முதலில் அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன்.

நடுக்கடலில் கப்பலின் தீர்க்கரேகையை அறிய, புறப்பட்ட துறைமுகத்தில் இப்போது மணி என்ன என்று தெரிந்தால் போதும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. கப்பல் நிற்கும் இடத்தின் நேரத்தைச் சூரியன் சொல்லிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தீர்க்கரேகை. 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: மேற்கிந்தியத் தீவுகள் வரை போகும் பயணத்தில், அரைப் பாகைக்கு மேல் பிசகாமல் தீர்க்கரேகையைச் சொல்லும் முறைக்கு 20,000 பவுண்டு. அரைப் பாகை என்பது நேரக் கணக்கில் 2 நிமிடம். ஆறு வாரப் பயணத்தில் கடிகாரம் நாளொன்றுக்கு 3 வினாடிக்கு மேல் தவறக் கூடாது. தச்சு வேலை பழகி, தானாகக் கடிகாரத் தொழில் கற்றுக்கொண்ட ஹாரிசன் 1735-இல் முதல் கடற்கடிகாரத்தை முடித்தார், 1759-இல் நான்காவதை. எச்-4 என்று இன்று அழைக்கப்படும் அந்த நான்காம் கடிகாரத்தின் விட்டம் 13 செ.மீ. 1761–62-இல் ஜமைக்காவுக்கும் 1764-இல் பார்படோசுக்கும் அது கப்பலேறியது. இரண்டு முறையும் எல்லைக்குள் நின்றது என்றார் ஹாரிசன். முழுப் பரிசு வரவில்லை. 1765-இல் புதுச் சட்டம் வந்தது: கடிகாரத்தின் உள்ளமைப்பை வெளியிட்டால் 10,000 பவுண்டு, பிறரும் அதைச் செய்ய முடியும் என்று காட்டினால் மீதி 10,000. அதே ஆண்டில் மாஸ்கலின் அரச வானியலாளர் ஆனார்; அந்தப் பதவியின் பேரில் பரிசை முடிவு செய்யும் தீர்க்கரேகை வாரியத்திலும் உறுப்பினர் ஆனார். அவரோ கடிகாரத்துக்குப் போட்டியாக, நிலவின் இருப்பிடத்தைக் கொண்டு நேரத்தை அறியும் நிலவு முறையின் முதன்மை ஆதரவாளர். 1766–67-இல் எச்-4-ஐக் கிரீனிச்சில் அவரே சோதித்து, அதை நம்பிக் கப்பல் ஓட்ட முடியாது என்று அறிக்கை எழுதினார். ஹாரிசனுக்கு அப்போது வயது 74. பிறகு அரசர் மூன்றாம் ஜார்ஜ் அக்கறை எடுத்துக்கொண்டார். 1773-இல் நாடாளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தது.

இவை எல்லாம் நடந்தவை. மறுக்கவில்லை. இவற்றுக்கு நடுவே விடுபட்டவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

1. தனி மேதையா? ஹாரிசன் எந்த ஆண்டில் தனியாக இருந்தார் என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் காட்டட்டும். 1730 வாக்கில் லண்டன் வந்த அவர் போய்ப் பார்த்தது அப்போதைய அரச வானியலாளர் எட்மண்ட் ஹாலியை. ஹாலி அவரை ஜார்ஜ் கிரஹாமிடம் அனுப்பினார். லண்டனின் தலைசிறந்த கடிகாரக்காரரான கிரஹாம், முன்பின் அறியாத அந்த ஊர்ப்புறத்து மனிதருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தார். 1736-இல் முதல் கடிகாரம் லிஸ்பன் போய் வந்தது. மறு ஆண்டு வாரியம் கூடிப் பணம் ஒதுக்கியது. அதன்பின் இருபது ஆண்டுக்கு மேல் தவணை தவணையாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் கடிகாரத்துக்கு மட்டும் 19 ஆண்டு ஆனது; அது பரிசை எட்டவில்லை; அப்போதும் வாரியம் கைவிடவில்லை. 1749-இல் ராயல் சொசைட்டி தன் மிக உயர்ந்த விருதான கோப்லி பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. தொடக்க காலக் கடிகாரங்களில் தம்பி ஜேம்சின் கை இருக்கிறது. எச்-4-க்கு வழி திறந்தது, 1753-இல் ஹாரிசனின் திட்டப்படி ஜான் ஜெஃப்ரிஸ் என்ற கடிகாரக்காரர் செய்து கொடுத்த ஒரு பைக்கடிகாரம். எச்-4-ஓடு கடலுக்குப் போனது மகன் வில்லியம். ஹாரிசனின் வாழ்நாளில் அவருக்குப் பொதுப்பணத்திலிருந்து வந்தது மொத்தம் 23,000 பவுண்டுக்கு மேல். சம்பிரதாயப்படி ‘பரிசு’ என்ற பெயரில் அது தரப்படவில்லை என்பது உண்மை. அந்தக் குறை அவர் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்ததும் உண்மை. ஆனால் படித்தவர்கள் கூடித் தச்சரைப் பட்டினி போட்டார்கள் என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தராது.

2. ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றினார்களா? மாற்றினார்கள். உள்ளமைப்பை வெளியிட வேண்டும் என்றோ பிறர் செய்து காட்ட வேண்டும் என்றோ 1714 சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஹாரிசனின் கோபத்துக்கு இதில் நியாயம் உண்டு. ஆனால் அதே சட்டம் இன்னொன்றைச் சொல்லியிருந்தது: முறை கடலில் நடைமுறைக்கு ஏற்றதாகவும் பயனுள்ளதாகவும் இருக்க வேண்டும். 1764-இல் நிலைமை என்ன? இருப்பது ஒரே ஒரு கடிகாரம். செய்தவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தந்தைக்கும் மகனுக்கும் நம்பிக்கையான சிலருக்கும் மட்டுமே தெரியும். ஒரு கப்பலுக்கு அது உதவும். மற்றக் கப்பல்களுக்கு? அது கடலில் விழுந்தால்? நாடாளுமன்றம் ஓர் அரும்பொருளை விலைக்கு வாங்கப் பணம் ஒதுக்கவில்லை. கடலில் போகிறவர்கள் எல்லாரும் கையாளக்கூடிய ஒரு வழிக்காக ஒதுக்கியது.

ஜமைக்காச் சோதனையைப் பற்றி எல்லாரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்கள்: 81 நாளில் 5 வினாடிதான் பிசகு. கடிகார முகப்பு காட்டியது அந்த எண்ணை அல்ல. எச்-4 நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.66 வினாடி பின்தங்கும் என்று வைத்துக்கொண்டு, 81 நாளுக்கு மூன்றரை நிமிடத்துக்கு மேல் திருத்திய பிறகு மிஞ்சியதே அந்த 5 வினாடி. இப்படித் திருத்துவது தப்பில்லை. எந்தக் கடிகாரமும் ஒரு சீராகப் பின்தங்கினால் அது நல்ல கடிகாரம்தான். ஆனால் எவ்வளவு பின்தங்கும் என்பதைக் கப்பல் ஏறும் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அதைச் சொன்னால், விடையைப் பார்த்துக்கொண்டு கணக்கைச் சரிக்கட்டவில்லை என்பதற்கு என்ன உறுதி? ஹாரிசன் தரப்பு அந்த விகிதத்தை முன்கூட்டி வாரியத்திடம் ஒப்படைக்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், ஜமைக்காவின் தீர்க்கரேகையே அன்று ஐயமறத் தெரியாது என்பது. எங்கே இருக்கிறது என்று தெரியாத துறைமுகத்தை வைத்துக் கடிகாரத்தின் பிசகை அளக்க முடியாது. ஹாரிசன் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை; அவர் ஏமாற்றியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் சோதனை என்பது ஆளின் நேர்மையை நம்பாமலே முடிவு சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். வாரியம் கேட்டது அதைத்தான்.

இந்த எதிர்ப்புகள் எழுந்தபோது மாஸ்கலின் எங்கே இருந்தார்? வாரியத்தில் இல்லை. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1761-இல் செயின்ட் ஹெலினாத் தீவுக்குப் போய், மேகம் மறைத்துவிட, பயணத்தின்போது நிலவு முறையைப் பயின்றுகொண்டு திரும்பியிருந்த முப்பது வயதுக்காரர் அவர். உள்ளமைப்பை வெளியிட்டால் 5,000 பவுண்டு தரலாம் என்று ஒரு சட்டம் 1763-லேயே வந்துவிட்டது. அப்போதும் அவர் உறுப்பினர் அல்ல. ஹாரிசனுக்கு வைக்கப்பட்ட தடைகள் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் என்று கதை யாரைக் காட்டுகிறதோ, அவர் வருவதற்கு முன்பே அந்தத் தடைகள் இருந்தன.

பார்படோஸ் பயணத்தில் குறைகளைச் சரிசெய்தார்கள். விகிதம் முன்கூட்டி அறிவிக்கப்பட்டது. வியாழனின் துணைக்கோள்கள் மறைந்து வெளிப்படுவதைக் கொண்டு தீவின் தீர்க்கரேகையைக் கணிக்க மாஸ்கலினும் சார்லஸ் கிரீனும் முன்னதாகவே அனுப்பப்பட்டார்கள். 47 நாளில் பிசகு 39 வினாடி. ஜமைக்காவின் 5 வினாடியோடு ஒப்பிட்டால் இது மோசமாகத் தெரியும். ஆனால் ஹாரிசனின் உண்மையான வெற்றி இந்த 39 வினாடிதான். சட்டம் கேட்டதைவிட மூன்று மடங்கு துல்லியம், எவராலும் மறுக்க முடியாத வகையில். 1765 பிப்ரவரி 9 அன்று கூடிய வாரியம் அதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. புதிதாக நியமிக்கப்பட்ட மாஸ்கலின் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

மீதிக் கேள்வி, பிறரால் செய்ய முடியுமா என்பது. லார்கம் கெண்டல் என்ற கைதேர்ந்த கடிகாரக்காரர் எச்-4-ஐ அப்படியே படியெடுக்க அமர்த்தப்பட்டார். இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. 1769-இல் முடிந்த அந்த கே-1-க்கு 450 பவுண்டு விலை. இதே மாதிரிக் கடிகாரத்தை 200 பவுண்டுக்குச் செய்துதர இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம் என்றார் கெண்டல். அமைப்பை எளிமையாக்கி 200 பவுண்டுக்கும் 100 பவுண்டுக்கும் அடுத்த இரண்டைச் செய்து பார்த்தார். அவை முதலாவதற்கு ஈடாகவில்லை. ஆக, வாரியத்தின் கேள்வி வேண்டாத குறுக்குக் கேள்வியாக இருக்கவில்லை. விடை தெரியாத, தெரிந்தே ஆக வேண்டிய கேள்வி அது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1772 முதல் 1775 வரை நடந்த ஜேம்ஸ் குக்கின் இரண்டாம் பயணம்தான் கடற்கடிகாரத்தின்மேல் உலகுக்கு நம்பிக்கை வரச் செய்தது. குக் மெச்சிக்கொண்ட கடிகாரம் எச்-4 இல்லை, கெண்டல் செய்த படி. உள்ளமைப்பைக் கேட்காமல் 1764-லேயே பணத்தைக் கொடுத்து ஹாரிசனை அனுப்பியிருந்தால் கே-1 இருந்திருக்காது. கடிகாரத்தின் பெருமையை நிலைநாட்டியதே, கதை கொடுமை என்று பழிக்கும் அந்த நிபந்தனைதான்.

3. நீதிபதியே கட்சிக்காரர் என்ற குற்றச்சாட்டு இவற்றில் மிகக் கனமானது. இதை லேசாகத் தள்ளிவிட மாட்டேன். போட்டி முறையின் ஆதரவாளர் ஒருவரிடம் எச்-4-ஐச் சோதனைக்கு ஒப்படைத்தது வாரியத்தின் பிழை. மாஸ்கலின் அந்தப் பொறுப்பை ஏற்காமல் விலகியிருக்க வேண்டும். 1765 ஆகஸ்டில் வல்லுநர் குழு முன் அக்கக்காகப் பிரித்துக் காட்டப்பட்டு மீண்டும் பூட்டப்பட்ட கடிகாரம் அது. கிரீனிச்சுக்கு வரும் முன் அதைத் திருத்தி, புதிதாக விகிதம் கண்டுபிடித்திருக்க வேண்டும்; செய்யவில்லை. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 வினாடி முந்தி ஓடியது. அந்த ஓட்டத்தை ஆறு ஆறு வாரமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மேற்கிந்தியப் பயணமாகப் பாவித்து, ஒரு பாகைக்குள்கூட நம்ப முடியாது என்று முடிவு கட்டியது கடுமை. பார்படோஸ் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி எழுதியது தவறு என்றே சொல்வேன்.

ஆனால் தவறான முடிவுக்கும் சதிக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. சதி என்றால் ஆதாயம் இருக்க வேண்டும். நிலவு முறைக்காக 1765 சட்டம் ஒதுக்கிய பணம், அட்டவணைகளைச் செய்த கோட்டிங்கன் வானியலாளர் டோபியாஸ் மேயரின் மனைவிக்குப் போனது. மேயர் 1762-லேயே இறந்துவிட்டார். அவர் மனைவிக்கு 3,000 பவுண்டு. கணிதத் துணைக்காகக் கணிதவியலாளர் ஆய்லருக்கு 300. மாஸ்கலினுக்கு எதுவும் இல்லை. பார்படோசில் வில்லியம் ஹாரிசன் அவர்மேல் ஐயம் கிளப்பியபோது, அவரும் கிரீனும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாறி மாறி நோக்குவது என்று ஏற்பாடு செய்தார்கள். அதே பயணத்தில் அவர் சோதித்த மற்றொன்று, கப்பலில் உட்கார்ந்தபடி வியாழனின் துணைக்கோள்களைத் தொலைநோக்கியில் பார்க்க உதவும் என்று சொல்லப்பட்ட ஐர்வினின் கடல் நாற்காலி. அது வானியலாளர்களுக்குச் சாதகமான கருவி. பயனில்லை என்று எழுதிவிட்டார். சொந்தக் கட்சிக்காக உண்மையை வளைப்பவர் செய்யும் வேலையா இது?

கிரீனிச் அறிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். முடிவை மட்டும் அறிவித்துவிட்டு அவர் ஒதுங்கவில்லை. 1766 மே முதல் 1767 மார்ச் வரை கடிகாரம் ஒவ்வொரு நாளும் எப்படி ஓடியது என்ற பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தார். அதே ஆண்டில் ஹாரிசன் மறுப்பு நூல் வெளியிட்டார். இன்று மாஸ்கலினின் முடிவு தவறு என்று நாம் காட்டப் பயன்படுத்துவதும் மாஸ்கலின் அச்சிட்ட எண்களைத்தான்.

4. கடிகாரம் வென்றது, நிலவு தோற்றது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? கப்பலோடியவர்கள் யாரும் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை.

நிலவு முறையின் தத்துவம் எளிது. விண்மீன்களுக்கு நடுவே நிலவு மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை நகர்கிறது. நிலவுக்கும் குறிப்பிட்ட விண்மீனுக்கும், அல்லது சூரியனுக்கும், உள்ள கோணத்தைக் கப்பலில் நின்று அளந்து, அதே கோணம் கிரீனிச்சில் எந்த மணிக்கு வரும் என்று அட்டவணையில் பார்த்தால் கிரீனிச் நேரம் தெரிந்துவிடும். ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவு பிசகினால் நேரத்தில் 2 நிமிடம் போய்விடும். அதாவது தீர்க்கரேகையில் அரைப் பாகை, சட்டம் வைத்த எல்லை. எவ்வளவு நுட்பமாக அட்டவணை இருக்க வேண்டும் என்று இதிலிருந்து தெரியும். மேயரின் அட்டவணைகள் அந்த நுட்பத்தை எட்டின. குறைகளும் உண்டு. அமாவாசையை ஒட்டிய நாட்களில் நிலவு கிடைக்காது. மேகம் வந்தால் முடியாது. கணக்கு நீளமானது, தொடக்கத்தில் நான்கு மணி நேரம் பிடித்தது. மாஸ்கலின் தொடங்கிய ‘நாட்டிகல் அல்மனாக்’ என்ற கடலோடிகளின் பஞ்சாங்கம், 1767-ஆம் ஆண்டுக்கானது முதல், பெரும்பகுதிக் கணக்கை முன்பே போட்டுக் கொடுத்து அதை அரைமணி நேர வேலையாகக் குறைத்தது.

கடிகாரத்தின் குறை வேறு வகை. பிசகிய கடிகாரம் தான் பிசகியதைத் தானே சொல்லாது. மூன்று மாதம் சரியாக ஓடி, ஒருநாள் குளிரில் தடுமாறினால், அன்று முதல் அது காட்டும் ஒவ்வொரு மணியும் பொய். மாலுமிக்குத் தெரிய வழியில்லை. நிலவை அளந்தால் தெரியும். குக்கின் முதல் பயணத்தில், 1768 முதல் 1771 வரை, கடற்கடிகாரமே கிடையாது. நியூசிலாந்தின் கரையை அவர் வரைந்தது கிரீனோடு சேர்ந்து நிலவையும் அல்மனாக்கையும் வைத்துத்தான். இரண்டாம் பயணத்தில் கே-1 இருந்தது. ஜான் ஆர்னால்டு செய்த மூன்று கடிகாரங்களும் இருந்தன. ஆர்னால்டின் கடிகாரங்கள் சரிவரவில்லை. எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று சொன்னது நிலவு. 1831-இல் புறப்பட்ட பீகிள் கப்பலில் 22 கடற்கடிகாரங்கள் இருந்தன. ஒரு கடிகாரம் போதும் என்றால் எதற்கு 22? ஒன்றை ஒன்று சாட்சிக்கு இழுக்க வேண்டியிருந்தது என்பதுதான் காரணம். கடிகாரத்தை ஒத்துப்பார்க்கத் துறைமுகங்களின் தீர்க்கரேகை தெரிய வேண்டும். அதற்கும் வானம்தான் கதி. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானோக்ககத்தில் கோல்டிங்ஹாம் முதலியோர் செய்த வேலைகளில் ஒன்று, வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்துச் சென்னையின் தீர்க்கரேகையை நிறுவுவது. அல்மனாக்கிலிருந்து நிலவுக் கோண அட்டவணை நீங்கியது 1906-ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பிறகுதான். தோற்றுப்போன முறையை யாரும் 140 ஆண்டு அச்சிட மாட்டார்கள்.

5. கடிகாரங்களை ஒடுக்கினாரா? தாமஸ் எர்ன்ஷாவைக் கேட்டால் தெரியும். எளிய நிலையிலிருந்து வந்த அந்தக் கடிகாரக்காரரை மற்றவர்கள் ஏற்கத் தயங்கியபோது விடாமல் ஆதரித்தவர் மாஸ்கலின். கடைசியில் 1805-இல் எர்ன்ஷாவுக்கு 3,000 பவுண்டு கிடைத்தது. மாறாக, அரசியல் செல்வாக்கோடு வந்த தாமஸ் மட்ஜின் கோரிக்கையை, கிரீனிச்சில் அவர் கடிகாரங்கள் ஓடிய கணக்கைக் காட்டி மாஸ்கலின் எதிர்த்தார்; 1793-இல் நாடாளுமன்றம் அதை மீறிப் பணம் கொடுத்தது. ஹாரிசனிடம் கேட்டதைத்தான் மட்ஜிடமும் கேட்டார். ஆளைப் பார்த்து அளவுகோலை மாற்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கப்பல்களில் ஓடியவை ஆர்னால்டு, எர்ன்ஷா வகைக் கடிகாரங்கள். அவற்றின் உயிரான விடுவிப்பு அமைப்பு எச்-4-இல் இருந்து வந்ததல்ல. அதற்கு முன்னோடி, 1766-இல் பாரிசில் பியர் லெ ருவா தனியே செய்து காட்டிய கடிகாரம். முடியும் என்று முதலில் காட்டியவர் ஹாரிசன். அது மாபெரும் சாதனை. அதை எல்லாருக்கும் முடிவதாக ஆக்கியவர்கள் வேறு பலர்.

6. தச்சருக்கு எதிராகக் கனவான்கள் என்று பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். மாஸ்கலின் கேம்பிரிட்ஜில் படித்தவர், மதகுரு, மேலிடத் தொடர்புள்ளவர், உண்மை. அவர் தங்கை மார்கரெட் 1753-இல் சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் மணந்தது ராபர்ட் கிளைவை. இந்தத் தொடர்பை வைத்து அவரை எடை போடுகிறவர்கள், அவர் யாரை வேலைக்கு வைத்தார் என்றும் பார்க்க வேண்டும். அல்மனாக்கின் கணக்குகள் கிரீனிச் மாளிகையில் போடப்பட்டவை அல்ல. நாட்டின் பல ஊர்களில், வீட்டில் இருந்தபடி கணக்குப் போட்டு அஞ்சலில் அனுப்பிய ஆசிரியர்களும் நில அளவைக்காரர்களும் போட்டவை. நிலவின் இருப்பிடத்தை இரண்டு பேர் தனித்தனியே கணிப்பார்கள்; மூன்றாம் ஆள் ஒப்பிட்டுப் பார்ப்பார். இருவர் பேசி வைத்துக்கொண்டு ஒரே விடையை எழுதியது பிடிபட்டபோது இருவரையும் நீக்கினார்.

லட்லோ ஊரில் ஜான் எட்வர்ட்ஸ் என்ற மதகுருவின் பெயரில் கணக்குகள் வந்துகொண்டிருந்தன. 1784-இல் அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது, பெரும்பகுதியைப் போட்டவர் அவர் மனைவி மேரி என்று. மாஸ்கலின் மேரிக்கே நேரடியாக வேலை கொடுத்தார். அந்தக் கணக்கு வருமானத்தில் குடும்பம் பிழைத்தது. 1811-இல் மாஸ்கலின் இறந்தபின் வேலை குறைந்தபோது மேரி வாரியத்திடம் முறையிட வேண்டியிருந்தது. கப்பல்களை வழிநடத்திய எண்களில் பல்லாயிரம் அந்தப் பெண்ணின் கையால் வந்தவை. எளியவர்களின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் கதையில் மேரி எட்வர்ட்சுக்கு ஒரு வரி இல்லை. அவரைச் சேர்த்தால் கதையின் கோடு கலைந்துவிடும்.

7. இனி, அறிவியலாளர் என்பவர் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு இந்தச் சண்டையில் முக்கியமாகப் படுவது இதுதான். மாஸ்கலினுக்கு முன்பு கிரீனிச்சில் இருந்தவர்கள் தாங்கள் நோக்கிப் பதிந்ததைத் தங்கள் சொத்தாகவே கருதினார்கள். முதல் அரச வானியலாளர் ஃபிளாம்ஸ்டீட் தன் பதிவுகளைப் பல்லாண்டு வெளியிடாமல் வைத்திருந்தார். 1712-இல் நியூட்டனும் ஹாலியும் அவர் இசைவில்லாமல் அச்சிட்டபோது, கிடைத்த 300 படிகளைப் பின்னர் எரித்துப்போட்டார். அடுத்து வந்த ஹாலி என்ன செய்தார்? பதிவுகளை ஏன் ஒப்படைக்கவில்லை என்று 1727-இல் ராயல் சொசைட்டியில் நியூட்டன் கேட்டபோது, தீர்க்கரேகைப் பரிசுக்காகத் தான் உழைத்துச் சேர்த்ததை வேறு எவரும் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்றுதான் கையில் வைத்திருப்பதாகச் சொன்னார். மாஸ்கலின்மேல் சுமத்தப்படும் குற்றத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு செய்தவர் ஹாலி. கதையில் அவர் நல்லவர். ஹாலிக்கு அடுத்து வந்த பிராட்லி 1762-இல் இறந்ததும் அவர் பதிவேடுகளை வாரிசுகள் எடுத்துப் போய்விட்டார்கள். அவை முழுதாக அச்சாக 1805 ஆயிற்று.

இந்த வழக்கத்தை நிறுத்தியவர் மாஸ்கலின். 1765 முதல் கிரீனிச்சில் எடுத்த பதிவுகளைத் தொடர்ந்து அச்சிட்டு வெளியிட ஏற்பாடு செய்து, 46 ஆண்டுகள் நடத்தினார். ஹாரிசனிடம் உள்ளமைப்பைக் காட்டச் சொன்ன வாரியத்தில் இருந்தவர், தன் வேலையையும் அதே போலப் பொதுவில் வைத்தார். திறமை ஒருவருக்குள்ளே ஒளிந்திருப்பது, அதை உலகம் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது ஓர் இலட்சியம். கண்டதைப் பிறர் திரும்பச் செய்து பார்க்கும்படி வைப்பது, தவறையும் சேர்த்து வைப்பது, இன்னோர் இலட்சியம். பதினெட்டாம் நூற்றாண்டில் மோதியவை இந்த இரண்டும்தான். தச்சரும் மதகுருவும் அவற்றுக்குக் கிடைத்த முகங்கள். முதலாவதைக் கொண்டாடும் கதையைக் கேட்டு வளர்பவர், தன் கண்டுபிடிப்பைச் சோதிக்கச் சொல்கிறவரை எல்லாம் எதிரி என்று எடுத்துக்கொள்வார். மருந்து கண்டுபிடித்தேன், எரிபொருள் கண்டுபிடித்தேன், ஆய்வகத்தில் காட்டமாட்டேன், அதிகாரிகள் என்னை ஒடுக்குகிறார்கள் என்று சொல்கிறவர் பின்னால் கூட்டம் சேர்வது இதனால்தான்.

மாஸ்கலின் கடுமையான மனிதர், அநியாயமும் செய்திருக்கிறார் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 1796-இல் டேவிட் கின்னிபுரூக் என்ற உதவியாளரை வேலையை விட்டு அனுப்பினார். விண்மீன் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தை அவர் 0.8 வினாடி தாமதமாகக் குறித்தார் என்பது காரணம். பாவம், அது கவனக்குறைவே அல்ல. ஆனால் அந்த விவரத்தை, எத்தனை மாதமாக, எவ்வளவு பிசகியது என்பதோடு சேர்த்து, கிரீனிச் பதிவுகளில் மாஸ்கலின் அச்சிட்டார். பிசகிய எண்களை அழித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அது ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் பெசலின் கவனத்துக்கு வந்தது. அவர் 1820-களில் மற்ற வானியலாளர்களோடு தன் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். தேர்ந்த இரண்டு பேர் ஒரே விண்மீனை ஒரே நேரத்தில் பார்த்தாலும் ஒரு மாறாத வித்தியாசம் இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் வேறு, அதை அளந்து கழிக்கலாம் என்று காட்டினார். கின்னிபுரூக்கின்மேல் குற்றமில்லை என்பது அப்போதுதான் வானியலாளர்களுக்குத் தெளிவாயிற்று. அதற்கான சான்று, அவரை வேலையை விட்டு நீக்கியவரே அச்சில் விட்டுச்சென்ற பக்கங்களிலிருந்து கிடைத்தது.